நாலாவது சாட்சி மதார் சாயபு

கரும்புத் தோட்டத்துப் பிரெஞ்சு துரைக்குக் கள்ளத்தனமாய்ப் பிறந்தவர்தான் மதார் சாயபு என்று புதுச்சேரியை அடுத்த பாகூரில் ஒரு பேச்சு. இல்லையென்றால் துரை மகள் ரோசலி பெருநாள் தவறாமல் அவருக்குப் பழக்கூடை அனுப்புவானேன்? நடந்ததைச் சொல்கிறேன்.

முப்பத்துநாலாம் வருஷம் துரை செத்ததும், பிரான்சிலிருந்து வந்த அவர் தம்பி மகன் வீட்டைக் கேட்டான். ரோசலியின் தாய் தையலம்மாளைத் துரை கட்டவே இல்லை என்று சாதித்தான். மேரி என்கிற நகராட்சி ஆபீசில் கல்யாணப் பதிவு கிடைத்தது. ஆனால் அதில் மணப்பெண் பெயர் லூசி! அது தையலம்மாளின் ஞானஸ்நானப் பெயர் என்று சொல்ல ஆள் வேண்டும். அடியில் நாலு சாட்சிக் கையெழுத்து. மூன்று பேர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். நாலாவது, தமிழில், மதார். மேரிக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்தவர். சாட்சி குறைந்தால் அவரைத்தான் இழுத்துப்போவார்கள்.

ரோசலி அவரை, சொத்துப் பத்திரம் பார்க்கும் நொத்தேர் முன்னால் நிறுத்தினாள்.

“எத்தனையோ கல்யாணம் பார்த்தவர், இது மட்டும் எப்படி ஞாபகம்?” என்றார் நொத்தேர்.

“மறப்பனாய்யா? கல்யாணப் பொண்ணு என் கட வாசல்ல வெத்தல எச்சி துப்புச்சு. இன்னாம்மா இதுன்னு கத்துனேன். தையலம்மாளேதான்!”

வீடு ரோசலிக்கே நின்றது. அவள் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள், வெகுநேரம் விடவில்லை.

ஊர்ப்பேச்சு காதுக்கு எட்டியபோது சாயபு சொன்னார்: “தொரைக்குப் பொறந்திருந்தா நான் எதுக்குடா வெங்காயம் நிறுக்கறேன்? என் கட மேரிக்கு எதிர்ல இருந்துச்சு, அவ்ளோதான்.”