வியாழக்கிழமை கறுப்புக் கண்ணாடி

பழைய மர்மப் படங்களின் கதாநாயகிகளைப் பார்த்து என் மனைவியும் கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் ஸ்கார்ஃப் கட்டத் தொடங்கினாள். வியாழன்தோறும் பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ் ஏறுவாள். எதற்கு என்று கேட்டால், "சும்மாதானுங்க" என்பாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு வியாழன் அதே பஸ்ஸில் பின்சீட்டில் ஒளிந்தபடி போனேன். அவள் ஒரு தையல் கடைக்குள் நுழைந்தாள். எட்டிப் பார்த்தேன். செல்போனில் ஒரு கதாநாயகியின் படத்தைக் காட்டி, "இந்த வாரமும் ரவிக்கைக் கழுத்து எறங்கிப் போச்சுங்க. இதாட்ட ஒசரமா வரோணும்" என்று தையல்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உள்ள வாங்க. பஸ்ஸுலயே பாத்துட்டேனுங்க."

வெட்கத்தோடு உள்ளே போனேன்.

"எத்தன வாரமா பின்னால வர்றீங்க?" என்று கேட்டாள்.

"இன்னிக்குத்தான்" என்றேன்.

வீடு வந்து சேரும்வரை அவள் அதை நம்பவில்லை.