மழைக்கோட் கொண்டுபோன நாள்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் யாராவது வெளியூர் போவதென்றால் பயணப்பையை அடுக்கக் கலாராணியைத்தான் கூப்பிடுவார்கள். குவைத்துக்கு வேலைக்குப் போன நான்கு பெண்களின் பெட்டிகளை அவள்தான் அடுக்கிக் கொடுத்தாள். கதிர்காமத்துக்குப் போகிறவர்கள், கொழும்பில் கடைவேலைக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அவள் கை வேண்டும். தோட்டத்தார் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் நிரப்பும் பகுதியில் அவளுக்குப் பதினோரு வருடமாக வேலை. கடதாசி மூட்டையில் தூள் நிறைந்ததும் ஆட்டி, தட்டி, மூலை மூலையாக அமுக்கி, ஒன்றின் மேல் ஒன்று சாயாமல் நிற்கிற மாதிரி செய்யவேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் அவளை விடவில்லை. பருப்பு டின்னைக்கூட இரண்டு தட்டுத் தட்டித்தான் மூடுவாள்.

அவளுடைய ஒரே மகள் லதுஷா பதுளை நகரத்துப் பாடசாலை ஒன்றில் தரம் ஏழு படிக்கிறாள். சென்ற ஒக்டோபரில் அவள் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். தியத்தலாவைக்குப் பக்கத்தில் மூன்று நாள் பயிற்சி முகாம். வெள்ளிக்கிழமை காலை போய், ஞாயிறு மாலை திரும்புவது. கயிறு ஏறுதல், மலை நடை, கூடாரம் அடித்தல். கடிதத்தின் பின்பக்கத்தில் கொண்டுவர வேண்டிய உடுப்புகளின் பட்டியல் இருந்தது. கலாராணி அதை வாசிக்கும்போதே எதை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டுவிட்டாள். ஆனால் லதுஷா கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இத வாசிங்கம்மா."

பிள்ளைகள் தங்கள் பையைத் தாங்களே அடுக்க வேண்டும், பெற்றோர் உதவக்கூடாது என்று அங்கே எழுதியிருந்தது.

"எழுதுறவங்க எழுதத்தான் செய்வாங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"சுபாஸ் சேர் பாப்பாரு. நானேதான் அடுக்குவேன். நீங்க தொடக்கூடாது."

கலாராணியின் கணவர் ஜெயகுமார் வெலிமடையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறியின் ஓட்டுநர். அன்று வீட்டில் இருந்தார். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். "ஊருக்கெல்லாம் பேக் கட்டிக் குடுத்த. ஒன் மகளுக்கு மட்டும் கட்டக்கூடாதுன்னு சேர் சட்டம் போட்டுட்டாரு."

வியாழக்கிழமை மாலை லதுஷா எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினாள். கலாராணி சுவரில் சாய்ந்து, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பார்த்தாள். சப்பாத்தை முதலில் போட்டு அதன்மேல் வெள்ளை டீசேர்ட்டை வைத்தபோது அவளுக்கு நாக்கு துடித்தது. சுவெட்டர் பாதி பையை அடைத்துக்கொண்டது. துவாய் உருண்டையாக உள்ளே போனது. லதுஷா பையின் மேல் ஏறி உட்கார்ந்து சிப்பை இழுத்தாள். ஒருபக்கம் புடைத்து, மறுபக்கம் சப்பாத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்பிடிம்மா?"

"நல்லாருக்கு," என்றாள் கலாராணி.

காலையில் லதுஷா குளிக்கப் போனதும் அவளால் பொறுக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் பை முழுவதும் கட்டிலில் இருந்தது, இன்னும் பத்து நிமிடத்தில் திரும்பவும் உள்ளே போனது. சப்பாத்துக்குள் காலுறை, காலுறைக்குள் சவர்க்காரப் பெட்டி. சுவெட்டரின் கைகளை மடித்து, கழுத்துப் பக்கத்திலிருந்து சுருட்டி, முஷ்டி அளவுக்கு ஆக்கினாள். டோர்ச்சைச் சுவெட்டருக்கு நடுவில் வைத்தாள். நீல மழைக்கோட்டைத் தட்டையாக மடித்து அடியில் விரித்தாள். மேலே இரண்டு தட்டு. ஒரு சுருக்கமும் இல்லாமல் பை நிமிர்ந்து நின்றது. லதுஷா வந்து அதைத் தூக்கியபோது ஒருகணம் நின்று பார்த்தாள். பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டதால் ஒன்றும் கேட்கவில்லை.

கலாராணி அன்று விடுப்பு எடுத்திருந்தாள். இருவரும் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் விறாந்தையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வாசற்பக்கம் நின்றார்கள். முகாமுக்குப் பொறுப்பான ஆசிரியர் சுபாஸ் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். விசில் ஊதிவிட்டுச் சொன்னார்:

"நான் ஒரு சாமான்ர பேர் சொல்லுவன். அரை நிமிசத்துக்குள்ள எடுத்துக் காட்டவேணும். அங்க இருட்டுக்குள்ள தடவித்தான் எடுக்க வரும். சரி, டோர்ச்."

முப்பது கைகள் பைக்குள் போயின. இருபத்தொன்பது டோர்ச்சுகள் மேலே வந்தன. லதுஷாவின் கை மட்டும் பைக்குள் இருந்தது. அவள் துவாயை இழுத்தாள், வரவில்லை. டீசேர்ட்டை இழுத்தாள், எல்லாம் சேர்ந்து வந்தது. அரை நிமிடம் முடிந்தபோது அவளைச் சுற்றி விறாந்தை முழுவதும் உடுப்பு. டோர்ச் கிடைக்கவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். சேர் திட்டவில்லை.

"இது நீர் அடுக்கின பையோ?" என்று மட்டும் கேட்டார்.

லதுஷா நிமிர்ந்து வாசற்பக்கம் நின்ற அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து எல்லாவற்றையும் அள்ளித் திணித்தாள். பஸ் புறப்பட்டபோது அவள் மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையசைக்கவில்லை.

கலாராணி மற்ற அம்மாக்கள் போனபிறகும் நின்றாள். கண் கலங்கியிருந்ததால் முகத்தைத் துடைத்துக்கொள்ள விறாந்தைத் தூண் பக்கம் போனாள். தூணுக்குப் பின்னால் நீல மழைக்கோட் கிடந்தது.

ஒக்டோபரில் ஊவா மலைகளில் மத்தியானம் தாண்டினால் மழைதான். சேரின் தொலைபேசி எண் கடிதத்தில் இருந்தது, கடிதம் வீட்டில் இருந்தது. கலாராணி கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு பஸ் நிலையத்துக்கு நடந்து, பண்டாரவளை பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து தியத்தலாவைக்கு இன்னொரு பஸ். முகாம் எங்கே என்று மூன்று பேரிடம் விசாரித்து, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு மைல் மேலே நடந்தாள். பாதி வழியில் தூறல் தொடங்கியது. மழைக்கோட் நனைந்துவிடக் கூடாதென்று அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். தான் நனைவதைப் பற்றி அவளுக்கு நினைப்பே வரவில்லை.

வாசற்காவலாளியிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் உள்ளே விட்டார். மைதானத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் யாரும் ஒதுங்கவில்லை. பெரிய கறுப்புப் பொலித்தீன் பைகளில் தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை வெட்டிப் போட்டுக்கொண்டு, சேற்றில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கோட் கொண்டுவந்த பிள்ளைகள்கூட அதை விட்டுவிட்டுப் பொலித்தீனுக்கு மாறியிருந்தார்கள். லதுஷா கயிற்றின் கடைசியில் பின்பக்கமாகச் சரிந்து, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அணி வென்றதும் எல்லோரும் ஒன்றாகச் சேற்றில் விழுந்தார்கள்.

சுபாஸ் சேர் குடையோடு வந்தார். "என்னம்மா, இவ்வளவு தூரம் வந்திட்டீங்கள். ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்ணும் இல்ல சேர். புள்ள மழக்கோட்ட விட்டுட்டு வந்திருச்சு." சொல்லிவிட்டு அவள் தயங்கினாள். "பேக்க நான்தான் சேர் மாத்தி அடுக்குனேன். புள்ள பேர்ல தப்பு இல்ல."

"அது எனக்கு அப்பவே விளங்கினது," என்றார் சேர். "அந்தச் சுவெட்டர் சுருட்டின விதத்தை நான் ஆமிக்காரரிட்டத்தான் கண்டிருக்கிறன்."

லதுஷா அம்மாவைக் கண்டு ஓடிவந்தாள். பொலித்தீன் சரசரத்தது. மூக்கு நுனியில் சேறு. கலாராணி மழைக்கோட்டை நீட்டினாள்.

"இதுக்காகவா வந்தீங்க?"

"மழை வந்திச்சேன்னு."

"அம்மா, நீங்கதான் நனஞ்சிருக்கீங்க." லதுஷா மழைக்கோட்டைப் பிரித்து அம்மாவின் தோளில் போட்டாள். அது கலாராணியின் முழங்கைவரைதான் வந்தது. "போகும்போது போட்டுக்கிட்டுப் போங்க. எனக்கு வேணாம்."

"என் மேல கோவமா?"

"காலையில இருந்திச்சு," என்றாள் லதுஷா. "இப்ப அடுத்த ஆட்டம் தொடங்குது. நான் போகணும்மா." ஓடியவள் பாதியில் திரும்பி, "டோர்ச் கெடச்சிருச்சு," என்று கத்தினாள்.

சமையற்கூடத்தில் கலாராணிக்குச் சூடாகப் பிளேன்டீ கொடுத்தார்கள். பஸ்ஸை விடக் கோச்சியில் போவது லேசு, கொஞ்சநேரத்தில் பதுளைக்கு ஒரு ரயில் இருக்கிறது என்று சேர் சொன்னார். அவள் கடைசியாகக் கோச்சியில் ஏறியது கல்யாணமான புதிதில்.

மகளின் மழைக்கோட்டோடு அவள் தியத்தலாவையில் ஏறி, ஜன்னலோரத்தில் இடம்பிடித்தாள். மழை விட்டிருந்தது. பண்டாரவளையில் ஒருவர் கூடையோடு ஏறி இறால் வடை விற்றார். அவள் ஒன்று வாங்கினாள். சுற்றிக் கொடுத்த தாள் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியில் கிழித்தது. பத்துக்கு எட்டு வாங்கியிருந்தது. எல்ல நிலையத்தில் வெள்ளைக்காரர்கள் கூட்டமாக ஏறிக் கதவோரம் நின்றார்கள். வளைவு வளைவாகக் கட்டிய பெரிய கல்பாலம் வந்ததும் எல்லோரும் படம் எடுத்தார்கள். கலாராணியும் தன் போனை எடுத்து இரண்டு படம் பிடித்தாள். ஒன்றில் பாலமும் மற்றதில் அவளுடைய பெருவிரலும் விழுந்தன.

தெமோதரை நிலையம் தாண்டியதும், எதிரே உட்கார்ந்திருந்த மொஹிதீன் என்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார். பதுளையில் துணிக்கடை வைத்திருப்பவராம்.

"தங்கச்சி, இப்ப குகை வரும். முடிஞ்சதும் மேல பாருங்க."

கோச்சி மலையைச் சுற்றி இறங்கி, மலையைக் குடைந்த குகைக்குள் போய் வெளியே வந்தது. கலாராணி தலையை நீட்டிப் பார்த்தாள். சற்றுமுன் நின்ற நிலையம் இப்போது தலைக்கு மேலே இருந்தது.

"நம்ம அடியில வந்திட்டமா?"

"அதான். நாப்பது வருசமாப் போறன், ஒவ்வொரு முறையும் பாப்பன்," என்றார் அவர்.

அன்று மாலை தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள், மகளைப் பிரிந்து அழுதிருப்பாள் என்று ஆறுதல் சொல்ல வந்தார்கள். கலாராணி அவர்களிடம் கோச்சி குகைக்குள் போன கதையைச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை லதுஷா கிழிந்த சப்பாத்தும் தேய்ந்த குரலுமாக வந்து சேர்ந்தாள். பைக்குள் ஒரு காலுறை குறைந்திருந்தது, யாருடையதோ ஒரு சீப்பு கூடியிருந்தது. சோறு தின்றுகொண்டே கூடாரத்தில் அட்டை ஏறிய கதை, சேர் வழுக்கி விழுந்த கதை எல்லாம் சொன்னாள். அவள் மூச்சு விட்ட இடைவெளியில் கலாராணி தன் கதையைத் தொடங்கினாள். குகை வந்த இடத்தில் லதுஷா கையை நிறுத்தினாள்.

"நெசமாவா? ஸ்டேசனுக்கு அடியிலயா?"

"நெசமா. வழியில ஒரு பாலத்தப் படம்கூட எடுத்தேன். ஒண்ணுல என் வெரல்தான் விழுந்திருக்கு."

"நாங்க பஸ்லதானே போனோம். நீங்க மட்டும் கோச்சியில போயிட்டு வந்திருக்கீங்க," என்று லதுஷா முகத்தைத் தூக்கினாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஜெயகுமார், "நானுந்தான் அந்தக் குகையப் பாத்ததில்ல," என்றார். "எந்நேரமும் லொறிதான்."

தீபாவளி விடுமுறையில் மூன்று பேரும் கோச்சியில் போவது என்று அன்று முடிவாயிற்று. ஜன்னலோரம் யாருக்கு என்பதில்தான் படுக்கப்போகும்வரை தகராறு.