லுவானுக்கு விழுந்த ‘தொம்’

சமையலறைக் குழாயின் மூட்டில் பிரஷ்ஷால் சோப்பு நுரையைத் தடவிவிட்டு லுவான் தெமிங் குனிந்து பார்க்கிறார். குமிழி எழுந்தால் கேஸ் கசிகிறது என்று பொருள். எழாவிட்டால் வீடு பத்திரம். இதற்குப் பத்து விநாடி பிடிக்கும். அந்தப் பத்து விநாடியும் அவர் தொண்டைக்குள் ஒரு கிழட்டு மந்திரி அரசன் காலில் விழுந்து மன்றாடிக்கொண்டிருப்பார். அடுப்பங்கரை வாசலில் நிற்கும் வீட்டுக்காரிக்கு அது முனகலாகக் கேட்கும்.

“ஏதாச்சும் ஒழுகுதா?”

“கேஸ் ஒழுகலேக்கா. பாட்டுதான் ஒழுகுது.”

அந்த அக்காவுக்கு எண்பது வயது இருக்கலாம். சீனாவின் தியன்ஜின் நகரத்தில் பிறந்தவருக்குத் தெருவில் போகும் பெண்கள் எல்லாரும் அக்காதான். லுவானுக்கு வயது ஐம்பத்தேழு என்பது அந்த உறவைப் பாதிப்பதில்லை. அக்கா தேநீர் ஊற்ற எழுந்தால், தோள்பையிலிருந்து தன் பிளாஸ்கை எடுத்துக் காட்டுவார். மரை தேய்ந்த மூடி, பக்கத்தில் ஒரு நசுங்கல், உள்ளே மல்லிகைத் தேநீர். “கையில இருக்குக்கா.” சோதனைக்குப் போகிற வீட்டில் எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று கேஸ் கம்பெனியும் சொல்கிறது. ஆனால் கம்பெனிக்குப் பயந்து அவர் குடிக்காமல் இருக்கிறார் என்று யாராவது நினைத்துவிட்டால் அவருக்குக் கோபம் வரும். அந்த விதி அவருக்கு வேறு இடத்திலிருந்து வந்தது.

யாராவது அவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், “சீட்டு நண்பன்” என்பார்.

“அது என்ன வேலை?”

“வேலை இல்ல. அதனாலதான் அதை முதல்ல சொல்றேன்.”

மேடை நாடகப் பாட்டைப் பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகப் பாடுகிறவர்கள் தங்களைச் சீட்டு நண்பர்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சீட்டு எது என்பதில் ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒப்பாது. அரசர் காலத்தில் பாடுவதற்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு என்பது லுவானின் கட்சி. காசு வாங்கிப் பாடுகிறவர்கள் உள்ளாட்கள். சீட்டு நண்பராக இருந்து ஒருநாள் காசுக்குக் கை நீட்டிவிட்டவனைக் கடலில் இறங்கிவிட்டான் என்பார்கள். அப்புறம் அவன் கரையேற முடியாது. சீட்டு நண்பர் பாடப் போன இடத்தில் ஒரு செப்புக்காசு வாங்க மாட்டார், ஒரு வாய்த் தேநீரும் தொட மாட்டார். முன்பு பாடினவர்கள் அப்படித்தான் இருந்தார்களாம். இன்றைக்கு அவர் சங்கத்தில் இருக்கும் மற்ற முப்பது பேரும் கிடைத்த தேநீரைக் குடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்கிறவர்கள். லுவான் மட்டும் பிளாஸ்கைச் சுமக்கிறார்.

அவர் மனைவி பெய் ஷியாவுக்கு இந்தப் பெருமையில் பங்கு இல்லை. “முப்பது வருஷமா கேஸ் குழாய் சோறு போடுது, பாட்டு அந்தச் சோத்தைத் தின்னுது. பேரு மட்டும் நண்பன்!” என்பாள். அவள் கணக்கு தப்பில்லை. காசு வாங்காதது மட்டுமல்ல, காசு கொடுத்துப் பாடுவதுதான் சீட்டு நண்பரின் வழக்கம். உடை வாடகை அவருடையது, தாடி வாடகை அவருடையது. பக்கவாத்தியக்காரர்கள் உள்ளாட்களாக இருந்தால் அவர்களுக்குப் பணம் போட்ட சிவப்பு உறையும் அவர்தான் வைக்க வேண்டும்.

உறைகளில் பெரும்பாலானவை முரசுக்காரர் ஷிங்குக்குப் போயின. கால்வாயோரத்தில் இருக்கும் சின்ன நாடகக் கொட்டகையில் ஷிங் முரசு வாசிக்கிறார். மாதம் இரண்டு முறை, பழைய குளியல்கடையின் மாடியில் கூடும் லுவானின் சங்கத்துக்கும் வருவார். மெலிந்த ஆள். இரண்டு மூங்கில் குச்சிகள், உதட்டோரம் பற்றவைக்காத ஒரு சிகரெட். லுவான் இரண்டு கையாலும் உறையை நீட்டுவார்; ஷிங் ஒற்றைக் கையால் வாங்கி, எண்ணாமல், உள்சட்டைப் பையில் செருகிக்கொள்வார். பத்தொன்பது வருடமாக நடக்கிறது. முதல் வருடத்தில் ஒருநாள், மூன்றாவது அடியில் தாளம் கொஞ்சம் முந்துகிறதோ என்று லுவான் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். ஷிங் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கட்டை பேசுது பாரு.”

துணி துவைக்கிற கட்டை. நாடகம் தெரியாத வெளியாளுக்கு உள்ளாட்கள் வைத்திருக்கும் பெயர். மாடியே சிரித்தது. லுவானும் சிரித்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று பெய் ஷியா சொல்வாள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. உள்ளாளாக இல்லாததில்தான் லுவானுக்கு அத்தனை பெருமை. ஆனால் பாடி முடித்ததும் யாராவது, “அடடா, அசல் உள்ளாள் மாதிரி இருந்தது!” என்று சொல்லிவிட்டால், வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்குவார். அந்த வார்த்தை மனத்தில் ஓடும்போது நிறுத்தம் எங்கே தெரியும்?

அவருடைய உண்மையான குறை அதுகூட இல்லை. தியன்ஜின் ரசிகர்களுக்கு நாடெங்கும் ஒரு பெயர் உண்டு. நல்ல இடத்தில் “நல்லது!” என்று கத்துவார்கள், தப்பினால் அரங்கமே ஒரே தொண்டையாக “தொம்!” என்று விழும். பெரிய பெரிய உள்ளாட்கள் இந்த ஊரில் மேடையேறுமுன் கழிவறைக்கு இரண்டு தடவை போய் வருவார்கள். ஆனால் சீட்டு நண்பருக்கு ‘தொம்’ கிடையாது. காசு வாங்காதவனைத் திட்டுவது அழகல்ல. சுருதி தப்பினாலும் கைதட்டுவார்கள், குழந்தை நடக்கப் பழகுவதைப் பார்க்கிற முகத்தோடு. லுவான் முப்பத்திரண்டு வருடமாக அந்த முகங்களைப் பார்த்து வணங்கி வந்திருக்கிறார்.

“என்னைத் திட்ட ஒருத்தனுக்கும் மனசு வரலேடி.”

“நான் இருக்கேனே” என்பாள் பெய் ஷியா.

இந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை. கொட்டகையை நடத்தும் ரோங் அம்மாள் போனில் கூப்பிட்டாள். மந்திரி வேடம் கட்டுகிறவருக்குக் குரல் அடைத்துவிட்டது. மத்தியான ஆட்டம் இரண்டு மணிக்கு. டிக்கெட் முக்கால்வாசி விற்றாகிவிட்டது.

“உங்களுக்கு அந்த வேஷம் தலைகீழாத் தெரியும்னு ஷிங் சொன்னாரு.”

“யாரு? ஷிங்கா சொன்னாரு?”

“அவரு சொன்னதை அப்படியே சொல்லட்டுமா? ‘வேற ஆள் கிடைக்கலேன்னா அந்தக் கேஸ்காரனைக் கூப்பிடு’ன்னாரு.”

லுவானுக்கு அதுவே போதும். வாசலில் அன்றைய வேடக்காரர்களின் பெயரைச் சாக்கட்டியால் எழுதும் கரும்பலகை இருந்தது. வெளியிலிருந்து பாட வருகிறவர் பெயருக்கு முன்னால் ‘சீட்டு நண்பர்’ என்று போடுவது மரியாதை. ரோங் அம்மாள் சாக்கட்டியை எடுத்தாள்.

“அந்த ரெண்டு வார்த்தை வேண்டாம்க்கா. பேரு மட்டும் போடுங்க.”

ரோங் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். “தெரிஞ்சுதான் சொல்றீங்களா? அது இருந்தா கைதட்டுவாங்க. இல்லேன்னா இது தியன்ஜின்.”

“தெரியும்.”

முப்பத்திரண்டு வருடமாக நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்த பட்டத்தை அவர் தாமாகவே உரித்து வைத்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கழிவறைக்கு மூன்று தடவை போனார்.

முதல் காட்சி பிசகில்லாமல் நடந்தது. இரண்டு இடத்தில் “நல்லது!” விழுந்தது, மூன்றாவது இடத்தில் விழ வேண்டியது விழவில்லை. தப்பு நடந்தது அதற்கப்புறம். கூடத்தில் நின்று பாடிப் பழகிய சீட்டு நண்பர் எவரும் செய்யக்கூடிய தப்பு. மேடையில் இடப்பக்க வாசலில் நுழைந்தவர் வலப்பக்க வாசலில்தான் வெளியேற வேண்டும். உள்ளாட்களுக்கு அது காலிலேயே இருக்கிறது. லுவானுக்கும் ஆட்டத்தில் நினைவிருந்தது. பிளாஸ்கை வைக்கும்போதுதான் நினைவில்லை. சங்கத்தில் எழுந்த நாற்காலிக்கே திரும்பி வந்து உட்காருகிறவர், பிளாஸ்கை நுழைந்த பக்கத்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் வெளியே வந்து நின்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று விரல் தடிமனான அடி வைத்த பூட்ஸைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் சுற்றி ஓடிவந்தார். பிளாஸ்க் கண்ணில் பட்டதும் முரசு அழைத்தது. ஷிங்கின் முரசு சங்கத்தில் அவருக்காகக் காத்திருக்கும். இங்கே காத்திருக்காது.

உடைப் பெட்டிக்காரி கொட்டகைத் தேநீரை அவர் வாயருகே கொண்டுவந்தாள். “ஒரு வாய் நனைச்சுக்கிட்டுப் போங்கண்ணே!”

லுவான் தலையை ஆட்டிவிட்டு, காய்ந்த தொண்டையோடு விளக்கொளிக்குள் போனார்.

மந்திரி அரசனிடம் கடைசியாக மன்றாடும் வரி மேலே ஏறி, அங்கேயே நின்று, மெல்ல இறங்க வேண்டும். ஏறிற்று. நின்றது. அங்கே, முந்நூறு பேர் மூச்சைப் பிடித்திருந்த இடத்தில், மூங்கில் பிளக்கிற மாதிரி குரல் இரண்டாக உடைந்தது.

“தொம்!”

பின்வரிசையில் ஒருவன் தொடங்கினான். பிறகு மாடி, பிறகு கூடம் முழுவதும். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் அதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கத்தினார். முரசு மட்டும் ஒரு சுற்று நீண்டது. எழுதிவைத்த அளவுக்குமேல் ஒரே ஒரு சுற்று, ஒரு மனிதன் எச்சில் விழுங்கும் நேரம். லுவான் தாடியை ஒரு முறை நீவினார். விழுங்கினார். அதே வரியை மறுபடி கீழிருந்து எடுத்து, மேலே கொண்டுபோய், நிறுத்தி, இறக்கினார். நின்றிருந்த கிழவர், “நல்லது!” என்று கத்திவிட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கொறித்தார்.

ஆட்டம் முடிந்து உள்ளே வந்தவரை எல்லாரும் சூழ்ந்துகொண்டு தேற்றினார்கள். யாருக்குத்தான் உடையல? அந்தப் பெரிய ஆளுக்கே போன வருஷம் உடைஞ்சது. மனசுல வச்சுக்காதீங்கண்ணே. லுவான் மை கலைந்த முகத்தோடு ஒவ்வொருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“கேட்டீங்களா?” என்றார். “மாடியிலேருந்துகூட வந்துது.”

தேற்ற வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெய் ஷியா பக்கவாட்டு வாசலில் கோட்டோடு நின்றிருந்தாள். டிக்கெட் வாங்கிப் பார்த்தாளாம். “நானும் கத்தினேன்” என்றாள்.

“எந்த வரிசை?”

“பதினொண்ணு.”

“அதான் அந்தப் பக்கம் சுருதி தனியாத் தெரிஞ்சுது.”

ரோங் அம்மாள் உறையோடு வந்தாள். அன்றைய கூலி. லுவான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அக்கா, நான் சீட்டு நண்பன். வாங்கினா நாளைக்குச் சங்கத்துல உக்கார முடியாது.”

“காலையில அந்த ரெண்டு வார்த்தை வேண்டாம்னது யாரு? பேரை மட்டும் போட்டுத் ‘தொம்’ வாங்கினீங்க. ‘தொம்’ வாங்கினவருக்குக் கூலியும் உண்டு. அதை மட்டும் எடுத்துக்கிட்டு இதை விட்டுட்டுப் போறது எந்த ஊரு நியாயம்?”

நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது. லுவானுக்கு அது தெரிந்தது. உறையை அவள் ஒப்பனை மேசைமேல் வைத்துவிட்டாள். அவர் தோள்பையைத் துழாவி, பக்கவாத்தியத்துக்கென்று காலையிலேயே போட்டு வைத்திருந்த தம் சிவப்பு உறையை எடுத்தார். மூலையில் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த ஷிங்கிடம் போய், பத்தொன்பது வருட வழக்கப்படி, இரண்டு கையாலும் நீட்டினார். ஷிங் இதை வாங்கிவிட்டால் தீர்ந்தது. கொடுத்தவன் சீட்டு நண்பன். அவன் கடலில் இறங்கவில்லை.

ஷிங் உறையைப் பார்த்தார். சிகரெட்டை உதட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்தினார்.

“உள்ளாள்கிட்ட நான் இதெல்லாம் வாங்குறதில்ல” என்றார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்த வார்த்தைக்காகத்தான் லுவான் பத்தொன்பது வருடம் உறை வைத்தார். அந்த வார்த்தை வந்த அன்றைக்கு அது அவரைக் கடலில் தள்ளப் பார்த்தது. கடைசியில் தம் உறையை எடுத்துக்கொண்டு போய், மேசைமேல் கொட்டகையின் உறைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் சிவப்பு. அவரும் தொடவில்லை, மற்றவர்களும் தொடவில்லை.

ஷிங் துணிச்சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். “தாகமா இருக்கு” என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. உடைப் பெட்டிக்காரி கொட்டகைத் தேநீரோடு ஓடிவந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய், பெட்டிமேல் நின்ற நசுங்கிய பிளாஸ்கின் மூடியைத் திருகினார். மூடியில் மல்லிகைத் தேநீரை ஊற்றினார். உதட்டிலிருந்த சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, பாதியைக் குடித்தார். மீதிப் பாதியை, இரண்டு கையாலும், லுவானிடம் நீட்டினார்.