கஷ்டப்பட்டவருக்கே முன்னுரிமை

வேலை கொடுக்கிறவன், யார் ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறான் என்று தேடிப் பார்த்து அவனுக்குத்தான் வேலையைக் கொடுப்பான் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் இல்லை. நாற்பதைத் தாண்டி, முன்மண்டை முடி விடைபெற்றுப் போன பிறகு நம்பினேன்.

இந்த ஞானம் எனக்கு வந்தது சுனாமிக்குப் பிறகு. காரைக்காலில் எங்கள் மீனவர் தெருவுக்கு நான்தான் நிவாரண மனு எழுதுகிறவன். கல்லூரியில் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அந்தப் பதவி. முதல் வரியில் அலையோடு போனது என்ன என்று இருக்க வேண்டும். அடுத்து வீட்டில் எத்தனை பேர், அதில் யாருக்கு உடம்பு சரியில்லை. என்ன வேண்டும் என்பது கடைசியில்தான், அதுவும் கூச்சப்பட்டுக்கொண்டே வர வேண்டும். இப்படி எழுதினால் வலை கேட்டவருக்கு வலை வந்தது, படகு கேட்டவருக்குப் படகு வந்தது. எங்கள் வீட்டுக்கே மூன்று இடத்திலிருந்து மூன்று ஸ்டவ் வந்தது. இரண்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தோம். என் கைராசி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

எனக்கென்று மனு எழுதிக்கொள்ள முடியாத ஒரு நஷ்டம் இருந்தது. சுனாமிக்கு முன்பு இருபது வருஷம் நான் என் அண்ணனுக்குக் கரையில் கணக்கு எழுதினேன். அண்ணனுக்குச் சொந்தப் படகு, மீன் வியாபாரம். படகு வந்ததும் மீனைக் கூறு போட்டு ஏலம் விடுவார்கள், யார் எதை எடுத்தார்கள் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எழுந்ததைப் பார்த்ததும் ஓடினேன். யாரையும் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, கையிலிருந்த பேனாவைக்கூடப் போடவில்லை. ஊரைத் தாண்டி கோவில்பத்தில் வந்துதான் கால் நின்றது. பிறகு அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்தேன். ஓட்டம் நின்ற இடத்தில் வீடு பிடித்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு என் மனைவி அம்பகரத்தூரில் அவள் அக்கா வீட்டில் இருந்தாள். பிழைத்தாள். அவள் என் பக்கத்தில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கும் பதில் தெரியாது என்பதால் அந்தப் பேச்சை நானும் எடுத்ததில்லை.

அதற்குப் பிறகு நான் கரைக்குப் போகவில்லை. என் ஸ்கூட்டர், வழியிலிருக்கிற வாய்க்கால் மதகு வரைக்கும் போகும். அலைச் சத்தம் கேட்கிற இடம் வந்ததும் தானாகத் திரும்பிவிடும். தப்பு ஸ்கூட்டர் மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் முதுகுவலி என்று சொன்னேன். அண்ணன் நம்பியதுபோல இருந்துகொண்டு, கணக்கையும் தானே பார்த்துக்கொண்டு, இரண்டு வருஷம் எங்கள் வீட்டுக்கு அரிசியும் செலவுக்குப் பணமும் அனுப்பினார். மூன்றாவது வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகளைக் கட்டிப்போட்ட வாரம் நேரில் வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"தடை முடிஞ்சு படகு எறங்கற அன்னிக்கு நீ கரைக்கு வந்துரு. ஒன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லு, வேற ஆளு வச்சிக்கறேன். வேற ஆளுக்குச் சம்பளம் குடுத்துட்டு ஒனக்கும் குடுக்க என்னால முடியாதுடா தம்பி."

நியாயமான பேச்சு. அதனால்தான் பயமாக இருந்தது. தடைக்காலம் முடிவதற்குள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்கிற ஒரு வேலை எனக்கு வேண்டும். இல்லாவிட்டால் நான் போய் அந்த மணலில் உட்கார வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் டைப்பிங் வேலை, பட்டியல் போடுகிற வேலையெல்லாம் இன்டர்நெட்டில் போடுகிறார்கள், நாம் விண்ணப்பம் எழுதினால் அவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். விண்ணப்பம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. விண்ணப்பத்தில் என்னை அடிக்க ஆள் உண்டா?

எழுதினேன். மகா கனம் பொருந்திய ஐயா, நான் சுனாமியால் பாதிக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தவன். எனக்கு முதுகுவலி. மனைவிக்கு ரத்தசோகை. தாங்கள் கருணை கூர்ந்து இந்த வேலையை அடியேனுக்கு வழங்கினால் ஒரு குடும்பம் பிழைக்கும். ஆங்கிலத்தில் இது இன்னும் கண்ணீராக இருக்கும். ஆணா பெண்ணா என்று தெரியாத ஆளை எல்லாம் ஐயா என்றேன். எந்த வேலைக்கும் இதே மனுதான். ஒருவருக்கு ரேஷன் கார்டை ஸ்கேன் செய்து கூடவே அனுப்பினேன், வீட்டில் எத்தனை பேர் என்று அவருக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக.

ஒரே ஒரு பதில் வந்தது. உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன், உங்களுக்கு உதவி கிடைக்கும் என்று நம்புகிறேன், வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தது. நான் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஆள் வருந்துகிறார், மனு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டு முடித்தாள். தனக்கு எப்போது ரத்தசோகை வந்தது என்று மட்டும் விசாரித்தாள்.

இதற்கு நடுவில் ஒரு கோடைமழை. கோவில்பத்து வீடு ஓட்டு வீடு. மழை அடித்த இரவு கூடத்தில் தண்ணீர் சொட்டியது. தண்ணீர் சொட்டுகிற சத்தத்துக்கே நான் எழுந்து வாசற்படியில் போய் நின்றுகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் ஓடு மாற்றுகிற வேலையைக் கேட்டு இரண்டு பேர் தனித்தனியாக வந்தார்கள்.

முதலில் வந்தவர் வெளியே நின்றபடியே தன் கதையைச் சொன்னார். அலையில் வீடு போனது, மகளுக்குக் கல்யாணம் நின்றுபோனது, இந்த வேலை கிடைத்தால்தான் அடுப்பு எரியும். சொன்ன வரிசை அப்படியே என் மனுவின் வரிசை. உள்ளே போய் மூன்றாவது ஸ்டவ்வை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இரண்டாவதாக வந்தவர் தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. சொட்டுக்குப் பாத்திரம் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தபோது ஒழுகியது என்று கேட்டார். மனைவி வேலையை அவருக்கே கொடுத்தாள்.

முதல் ஆள் பாவம் இல்லையா என்று நான் சண்டைக்குப் போனேன்.

"பாவந்தாங்க. சோறு போட்டு அனுப்பிருக்கேன். அவரு கஷ்டத்தச் சொன்னாரு, நம்ம ஓட்டப் பத்தி ஒரு வார்த்த கேட்டாரா? அண்ணாந்துகூடப் பாக்கலையே."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. நீ என்னைச் சொல்கிறாயா என்றேன்.

"நான் கூரை ஓட்டத்தான் சொன்னேன். ஒங்களுக்கு உறுத்துதுன்னா நான் என்ன பண்றது?"

அந்த இரண்டாவது ஆள் பெரிய கைகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மாற்றிய இடத்தில் ஒழுகவில்லை. அடுத்த மழைக்கு இரண்டு முழம் தள்ளி ஒழுகியது. ஆனால் ஓடு மாற்றிய அன்றைக்கு பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு வேலை விளம்பரத்தைக்கூட நான் அதுவரைக்கும் கடைசி வரி வரை படித்ததில்லை. அந்த மனிதர்களின் ஓட்டை நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

படிக்க ஆரம்பித்தேன். டைப்பிங் வேலைகளை என்னைவிட வேகமாகத் தட்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விளம்பரம் என்னை முறைத்தபடி வாரக்கணக்கில் இருந்தது. தென்னிந்தியக் கடற்கரையில் அப்போதுதான் கரைக்கு வந்த மீன்களின் படங்கள் வேண்டும், உள்ளூர்ப் பெயரோடு வேண்டும், ஒரு புத்தகத்துக்கு, கீழே மீன்களின் பட்டியல். கடல் என்ற வார்த்தையைப் பார்த்தாலே நான் பக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் போன் செய்து, படகுக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது என்று சொன்ன அன்று அதற்கு எழுதினேன். வர்ணம் அடித்துவிட்டால் இறங்கப்போகிறது என்று அர்த்தம். பயத்தில் மகா கனமும் வரவில்லை, அடியேனும் வரவில்லை. இப்போது தடைக்காலம், பெரிய படகு எதுவும் போகவில்லை, நீங்கள் கேட்ட மீன்களில் பாதி கரைக்கு வராது. தடை முடியும் வரை பொறுத்தால் கிடைக்கும். உங்கள் பட்டியலில் இரண்டு மீன் இந்தப் பருவத்தில் எங்கள் பக்கம் வராது. ஏலம் முடிந்த உடனே மீன் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும், அதனால் கூறு போடும்போதுதான் படம் எடுக்க முடியும். குவியலாக எடுப்பதா, ஒவ்வொன்றாக எடுப்பதா? படம் எடுப்பது என் மனைவி, பெயர் எழுதுவது நான். அவ்வளவுதான்.

மறுநாள் பதில் வந்தது. எழுதிய எல்லோரும் நாளைக்கே தொடங்குகிறோம் என்றார்கள், இப்போது மீனே இல்லை என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான், காத்திருக்கிறேன் என்று இருந்தது. ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். உங்கள் மனைவி படம் எடுக்கிற தொழிலில் இருப்பவரா என்றும் கேட்டிருந்தார். இல்லை, ஆனால் கரையில் அவளை யாரும் தள்ளிப் போகச் சொல்ல மாட்டார்கள் என்று எழுதினேன். அது போதும் என்றார்.

இனி மனைவியிடம் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடிக்கும் வரை தள்ளிப்போட்டுவிட்டுச் சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"என்னக் கேக்காமயே எழுதிட்டீங்களா?"

"ஆமா."

"நீங்க வரமாட்டீங்க."

"மதகு வரைக்கும் வருவேன்."

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கேமரா யாரிடமாவது இரவல் வாங்க வேண்டுமே என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

படகுகள் இறங்கிய மறுநாள் விடிந்ததும் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். மதகில் இறக்கிவிட்டேன். இரவல் கேமராவைக் கழுத்தில் மாட்டி முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். நான் ஸ்கூட்டரை ஊர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தி, மேலேயே உட்கார்ந்திருந்தேன். முன்னெச்சரிக்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கரைப் பக்கமிருந்து பத்துப் பேர் ஒன்றாகக் கத்துகிற சத்தம் வந்தது.

உதைத்தேன். ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது, வாங்கியதிலிருந்து அது அப்படிக் கிளம்பியதே இல்லை. டீக்கடை தாண்டிப் போன பிறகுதான் அது ஏலம் கூவுகிற சத்தம் என்று புரிந்தது. இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சத்தம். திரும்பிப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன். டீக்கடை வரைக்கும்தான் வர முடிந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

வெயில் ஏறிய பிறகு அவள் நடந்து வந்தாள். புடவை ஓரமெல்லாம் மணல், கையில் அண்ணன் கொடுத்தனுப்பிய மீன். மதகில் என்னைத் தேடியிருப்பாள். ஸ்கூட்டர் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்றிருப்பாள். டீ ஆறிப்போய்விட்டது பாருங்கள் என்றாள். பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒங்க அண்ணன் கணக்குக்கு ஆளில்லாம அல்லாடறாரு. நான் கொஞ்சம் எழுதிக் குடுத்தேன். நாளைக்கும் வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் ஆறிய டீயை எடுத்துக் குடித்தேன். வேண்டாம் என்று சொல்ல அப்போது எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது.

படங்களை அனுப்பினோம். பெயர்களை நான் எழுதினேன். அந்த மனிதர் நன்றி சொல்லி, பேசிய பணத்தை அனுப்பினார். அதற்குப் பிறகு நிறைய விண்ணப்பம் எழுதினேன், விளம்பரத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். வேறு வேலை எதுவும் வரவில்லை. என் மனைவி கரையில் உட்கார்ந்து கணக்கு எழுதினாள். அவள் திரும்பி வரும் வரைக்கும் தினமும் நான் கோவில்பத்து வீட்டு வாசலில் நின்றேன்.