பத்திக்கிச்சு

பேட்டரியோ இன்வர்ட்டரோ தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் ஜோதிமணி முதலில் சொல்வது ஒன்றுதான். "என்ன கெட்டுப்போச்சுன்னு நீங்க சொல்ல வேண்டாங்க. கண்ணால என்ன பாத்தீங்களோ அதை மட்டும் சொல்லுங்க."

மண்டி மொஹல்லாவில் ஒற்றை ஷட்டர் கடை அவருடையது. கௌதள்ளியில் பிறந்தவர். கொள்ளேகாலில் ஐ.டி.ஐ. முடித்து, மைசூரில் ஒரு யு.பி.எஸ். கம்பெனியில் பதினோரு வருடம் பழுது பார்த்தார். பிறகு அங்கே சம்பளம் ஏறாது என்று தெரிந்ததும் தனியாக வந்துவிட்டார். வேலை செய்யும்போது பேச மாட்டார். பக்கத்தில் நிற்பவர்கள் பேசினாலும் பிடிக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, சந்துக்குள் நுழைய முடியாத ஒரு பெரிய வேன் மெயின் ரோட்டோரம் வந்து நின்றது. படுக்கை, சின்ன அடுப்பு, ஜன்னல் திரை எல்லாம் வைத்த கேம்பர் வேன். ஓட்டிவந்தது ஓய்வுபெற்ற நர்ஸ் ரோசலின். பின்னால் படுக்கையில் அவர் கணவர் மதலைமுத்து மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். முப்பது வருடம் கணக்கு வாத்தியார். இப்போது நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. மெஷினுக்கு கரண்ட் வேண்டும். அதனால் இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர அவர் எங்கேயும் போனதில்லை. வேனை ரோசலின் வாங்கியதே அதற்காகத்தான். செகண்ட் ஹேண்ட், புதிதாகப் பெயின்ட் அடித்தது.

"இவரோட அக்கா கமலம்மாள் நேத்து தவறிட்டாங்க, கொள்ளேகால்ல" என்றார் ரோசலின். "நாலு மணிக்கு அடக்கம். அம்மா மாதிரி வளத்தவங்க. ஒண்ணரைக்காவது இங்கேருந்து கிளம்பணும் ஜோதி."

"என்ன பாத்தீங்க சிஸ்டர்?"

"வீட்ல சார்ஜர் போட்டா லித்தியம் பேட்டரி நூறு காட்டுது. வண்டி ஓடும்போது ஏறவே மாட்டேங்குது. மெஷினப் போட்டா பத்து நிமிஷத்துல இன்வர்ட்டர் கூவிட்டு நின்னுபோகுது. ரெண்டு பேர் பாத்தாங்க. பேட்டரி போயிடுச்சு, மாத்துங்கன்னு சொல்றாங்க."

"சிலிண்டர் இருக்குதுங்களா?"

"சின்னது. நாப்பது நிமிஷம் தாங்கும்."

ஜோதிமணி தலையாட்டிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். மெஷினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தார். பதின்மூன்று வோல்ட். அதே நேரத்தில் இன்வர்ட்டரின் முனைகளில் பதினொன்றுகூட இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்புவது வழியில் எங்கோ தொலைகிறது. இன்வர்ட்டர் அதைப் பேட்டரி தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு நிற்கிறது. பாசிட்டிவ் பக்கத்து வயரையும் ஃபியூஸையும் தொட்டுப் பார்த்தார். சூடில்லை. மெஷினை அப்போதைக்குப் பக்கத்து டீக்கடையின் பிளக்குக்கு மாற்றினார்.

வீட்டில் ஏறுகிறது, வண்டியில் ஏறவில்லை என்று ரோசலின் சொன்னதை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வீட்டுச் சார்ஜர் நேராகப் பேட்டரியில் மாட்டுவது. எஞ்சினிலிருந்து ஏற்றும் சார்ஜரும் இன்வர்ட்டரும் மட்டும் நெகட்டிவுக்கு வண்டியின் பாடியை நம்பியிருந்தன. இரண்டுக்கும் பொதுவாக ஒரு எர்த் போல்ட் இருக்க வேண்டும்.

வேனுக்கு அடியில் படுத்துத் தேடியபோது அது பின் சக்கரத்துக்கு மேலே இருந்தது. தொட்டதும் விரல் சுட்டது. கழற்றினார். வாஷருக்கு அடியிலும் பளபளவென்று வெள்ளைப் பெயின்ட், கரண்ட் இரும்புக்குப் போகவிடாமல்.

"வண்டிக்கு அழகு பண்ணியிருக்கறாங்க" என்று முணுமுணுத்தபடி உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து இறுக்கினார். மணி பன்னிரண்டே முக்கால். அதே நேரம் டீக்கடையில் கரண்ட் போய்விட, மெஷினை மறுபடி இன்வர்ட்டரில் போட்டார்கள்.

இனி எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க ரோசலின் முன்னால் உட்கார்ந்தார். ஜோதிமணி போல்ட்டில் மீட்டர் வைக்க மறுபடி அடியில் போனார். சார்ஜரின் விளக்குகள் தெரிகிற இடத்தில் இருந்தது மதலைமுத்து மட்டும்தான்.

"சார், அந்தப் பெட்டியவே பாத்துட்டு இருங்க. என்ன நடந்தாலும் சொல்லுங்க."

ரோசலின் மிதித்தார். பின்னால் நின்ற ஆட்டோ ஹாரன் அடித்தது. மேலிருந்து மதலைமுத்துவின் குரல், மூச்சு கிடைத்த அளவுக்கு, வந்தது.

"பத்திக்கிச்சு!"

எப்படி வெளியே வந்தோம் என்று ஜோதிமணிக்குப் பிறகு நினைவில்லை. முழங்கை சிராய்ந்திருந்தது. பின்கதவைத் திறந்து பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சிவப்புக் கட்-ஆஃப் திருகியை ஒரே திருப்பாகத் திருப்பினார். மெஷின் நீளமாக ஒரு சத்தம் போட்டு நின்றது.

புகை இல்லை. கருகிய வாசனையும் இல்லை. மதலைமுத்து சார்ஜரை நோக்கிக் கையை நீட்டினார்.

"பச்சை... லைட்டு... பத்திச்சு. நீங்க... அணச்சிட்டீங்க."

ரோசலின் அதற்குள் பின்னால் ஓடிவந்து குழாயைச் சிலிண்டருக்கு மாற்றியிருந்தார். "லைட் எரியுதுன்னு சொல்ல வரலயா உங்களுக்கு? லைட் வந்தா கன்னடத்துல 'ஹத்கொண்ட்து', அதையே அப்படியே தமிழாக்கி! கன்னடத்துல நெனச்சு தமிழ்ல பேச வேண்டியது. கல்யாணமான நாள்லேருந்து இதே கதை!"

"எங்கூர்ல பத்திக்கிச்சுன்னா தீங்க சார்" என்றார் ஜோதிமணி. மதலைமுத்து கன்னடத்திலேயே கத்தியிருந்தால் சட்டென்று புரிந்திருக்கும்.

அந்த அவசரத்தில் ஜோதிமணியும் ஒரு தவறு செய்தார். திருகியை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார். உள்ளே 'டப்' என்றது. மெஷின் ஓடவில்லை. மீட்டரை வைத்தார். பேட்டரியில் பூஜ்யம்.

"போயிடுச்சா?" என்றார் ரோசலின்.

என்ன நடந்ததென்று ஜோதிமணிக்கு அப்போதுதான் உறைத்தது. நின்றுபோன இன்வர்ட்டர் காலியாக இருக்கும், சட்டென்று இணைத்தால் ஒரே மடக்கில் கரண்டை இழுக்கும், லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் காவல் போர்டு அதை ஷார்ட் என்று நினைத்து எல்லாவற்றையும் பூட்டிவிடும். கடையில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

"தூங்குதுங்க. எழுப்பணும்" என்றார். "சிலிண்டர் எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு நிமிஷம். கொஞ்சம் கம்மி."

கடைக்கு ஓடி ஜம்பர் வயரும் பஸ்ஸின் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றும் எடுத்துவந்தார். திருகியை அணைத்தார். இன்வர்ட்டர் வயரைக் கழற்றினார். கை வழுக்கியதால் ஸ்பேனர் இரண்டு முறை கீழே விழுந்தது. வேனை ஸ்டார்ட் செய்யும் சாதாரண பேட்டரியிலிருந்து ஜம்பரை லித்தியத்தின் முனைகளில் வைத்து எண்ணினார். ஐந்து. எடுத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். பூஜ்யம்.

மதலைமுத்து கண்ணை மூடியிருந்தார். ரோசலின் அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிமீட்டரைப் பார்த்தார். "எண்பத்தொம்போது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மறுபடி வைத்தார். இந்த முறை பத்து வரை எண்ணினார். எடுத்தார்.

பதின்மூன்று புள்ளி ஒன்று.

திருகியைப் போட்டார். இன்வர்ட்டர் வயரை நேராக மாட்டாமல் நடுவில் பல்பை வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து, மங்கி, அணைந்தது. இன்வர்ட்டர் நிரம்பிவிட்டது என்று பொருள். பல்பை எடுத்துவிட்டு வயரை இறுக்கினார். 'டப்' வரவில்லை. மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது. ரோசலின் முன்னால் போய் எஞ்சினை முறுக்கினார். சார்ஜரில் பச்சை விளக்கு.

மணி ஒன்று நாற்பது. சிலிண்டரின் முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது.

"சிலிண்டர் மாத்த ஆஸ்பத்திரி ரோடு போனா அரை மணி போயிடும்" என்றார் ரோசலின். "இப்படியே கிளம்பலாமா ஜோதி?"

ஜோதிமணி மீட்டரை இன்னொரு முறை இன்வர்ட்டரில் வைத்தார். மெஷின் ஓட ஓட பன்னிரண்டு புள்ளி ஒன்பது. எர்த் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. "என் வேலைக்கு நான் பொறுப்புங்க" என்றார். "பச்சை அணஞ்சா நரசீபுரா ஆஸ்பத்திரியில நிறுத்திடுங்க. அதைத் தாண்டிப் போகாதீங்க."

"போலாம்" என்றார் மதலைமுத்து. அவரிடம்தான் யாரும் கேட்கவில்லை.

வேன் போனபிறகு ஜோதிமணி கடையில் உட்கார்ந்தார். ஒரு இன்வர்ட்டரைத் திறந்து வைத்து அதைத் தொடவே இல்லை. இரண்டு மணிக்கு ஒரு முறை, இரண்டேமுக்காலுக்கு ஒரு முறை போனை எடுத்துப் பார்த்தார். நரசீபுராவை இந்நேரம் தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நின்றிருக்க வேண்டும். அழைக்கவில்லை. ஓட்டுகிறவர் போனை எடுப்பது நல்லதில்லை.

மூன்று ஐம்பதுக்கு போன் அடித்தது. பின்னணியில் மாதா கோயில் மணி, ஆட்கள் பேச்சு, அதற்கெல்லாம் அடியில் மெஷினின் சீரான இரைச்சல். பேசியது மதலைமுத்து.

"பத்திக்கிட்டே..."

ஜோதிமணியின் கை தானாக மேஜையின் ஸ்விட்சுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"...இருக்கு" என்றார் மதலைமுத்து. மூச்சு வாங்கினார். "பச்சை. வந்துட்டோம். அக்கா பெட்டி... இன்னும்... குழியில எறக்கல."

"சரிங்க சார்" என்றார் ஜோதிமணி. "அக்காவப் போய்ப் பாருங்க."