பின்பாதி சொன்ன குரல்

என் மனைவி செத்த பிறகும் செபமாலைக்குப் பதில் சொல்ல வருகிறாள் என்று நான் நம்பினேன். சிரிப்பதென்றால் சிரியுங்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கிக்குக் கீழே நின்றே பகிடி விடுகிற ஆள் நான். அந்த மாரிகாலத்தில் பயத்தில் என் பல்லே கிட்டி என்னைப் பகிடி பண்ணியது.

வீட்டுச் செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்த, மரண வேளையைப் பற்றிய பின்பாதியை மற்றவர் சொல்லி முடிப்பார். எங்கள் லிங்கநகர் வீட்டில் முன்பாதி என்னுடையது, பின்பாதி அவளுடையது. நான் முடிக்க முன்னரே அவசரமாகத் தொடங்கிவிடுவாள். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அதன்பிறகு முழுவதையும் நானே சொல்லவேண்டும். பழக்கதோஷம், பாதியில் வாய் நின்றுவிடும். அந்த வெறுமையைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒரு மாலை அதற்குள்ளிருந்து பதில் வந்தது. அவள் சமைத்த குசினிப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் முணுமுணுப்பு. அதே அவசரம்.

விசுவாசமுள்ள கிறிஸ்தவன் முழந்தாளில் நின்றிருப்பான். நான் கதிரையில் ஏறி நின்றேன். ஆவி தரையால்தான் வரும் என்று எனக்கு யார் சொன்னார்களோ! அடுத்த நாள் முதல் வாசற்கதவைத் திறந்துவைத்து, செருப்பையும் போட்டுக்கொண்டு செபித்தேன். ஓட வசதி. ஆனாலும் பாதியில் நிறுத்தாமல் இருக்க முடியவில்லை. குரல் வராமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்பது மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கோயில் பங்குச் சுவாமியாரிடம் போய்க் குரலைப் பற்றிச் சொன்னேன்.

"சுவாமி, அவ மோட்சம் போகாம உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்து வேதனைப்படுறாவோ? செபம் கேட்டு வாறாவோ?"

"பயமெண்டா கொஞ்ச நாளைக்குக் கோயில்ல வந்து சொல்லுமன்."

"நான் இங்க வந்தா அவ அங்க தனியச் சொல்ல வேணுமே, சுவாமி."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஆரெண்டு கேட்டுப் பாரும்," என்றார்.

அன்று மாலை குரல் வந்ததும் எழுந்து குசினிக்குள் போனேன். யன்னலடியில் நின்று, "நீயோ?" என்றேன்.

முணுமுணுப்பு நின்றது. கிடுகுவேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண், நெற்றியில் திருநீறு, கையில் பாதி வெட்டிய மீன்.

"நான்தான் அண்ணை. கோவிக்காதேங்கோ. இவ்வளவு காலம் அக்கா சொல்லக் கேட்டு எனக்கும் பாடமாப் போச்சு. நீங்கள் பாதியில நிண்டா எனக்கு வேலை செய்ய ஏலாமக் கிடக்கு."

"நான் பயந்து செத்திருப்பன் பிள்ளை."

"அதையும் கேட்டனான். முதல் நாள் கதிரையோட விழுந்தனீங்கள் என்ன?"

அத்தனை மாலையும் பின்பாதி சொன்னவள் அவள்தான். என் மனைவி ஒரு நாளும் வரவில்லை.