தாச்சிக்கு இன்னும் பதினெட்டு முத்திரை

இன்று சில்க்போர்க்கில் அம்மாவுடன் சாமான் வாங்கப் போனேன்.

"முத்திரை சேர்க்கிறீர்களா?" என்று கவுண்டரில் இருந்த பெண் டேனிஷில் கேட்டாள். பின்னால் என்னோடு வேலை செய்பவர் நின்றார். "இல்லை" என்றேன். வாங்கிய சாமானுக்குக் கடை இலவசமாகத் தரும் அந்த முத்திரைகளை அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "தாச்சி வேணுமெண்டால் நான் வாங்கித் தாறன், அம்மா" என்றேன்.

சின்ன வயதில் அம்மாவின் புத்தகத்தில் முத்திரை ஒட்டியது நான்தான். புத்தகம் நிரம்பினால், பொரிக்கிற தாச்சி அந்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஒட்டுவது பிடிக்கும். கடை வாசலில் நின்று, சேர்க்காதவர்களிடம் கேட்டு வாங்குவதுதான் பிடிக்காது. வகுப்புப் பிள்ளைகள் கண்டுவிட்டால்? சைக்கிள்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுவிட்டு, "ஒருத்தரும் தரேல்லை" என்று அம்மா இருக்கும் காருக்குத் திரும்புவேன்.

அம்மா சொன்னார்: "அப்பவும் நீ ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. காருக்குள்ள இருந்து பாத்தனான்."

"பிறகேன் என்னை ஏசேல்லை?"

"எனக்கும் கேக்க வெக்கம். அதாலதானே உன்னை அனுப்பினனான்."



அம்மாவின் புத்தகம் நிரம்ப இன்னும் பதினெட்டு முத்திரை வேண்டும். இதைப் படிப்பவர்களில் முத்திரை சேர்க்காதவர்கள் எறிந்துவிடாமல் எனக்குத் தாருங்கள். முப்பது வருடம் பிந்தித்தான் கேட்கிறேன்.